கர்சர் பாய்கிறது என்றாள்

கணினி வேலை பார்ப்பவன் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் வெள்ளவத்தையில் யாரும் அவனைச் சும்மா விடமாட்டார்கள். காலி வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒருவர் வந்து தன் பிரிண்டர் கடதாசியைக் கடிக்கிறது என்பார். கோயிலில் சுவாமி சுற்றி வருகிற நேரத்தில் இன்னொருவர் பாஸ்வேர்ட் மறந்த கதையை எடுப்பார். எனக்கு இதில் கோபம் வந்ததே இல்லை. பொறுமையாகக் கேட்பேன், முடிந்தால் வீட்டுக்கே போய்ப் பார்த்துக் கொடுப்பேன். நாகேந்திரம் நல்ல மனிதர் என்று எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை நீங்கள் பொலிஸில் இருந்து எங்கள் அலுவலகப் படியேறி வந்து ஹிபாவைப் பற்றி விசாரித்தபோது, நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரி என்று சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். அந்தச் சொல் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது. வெள்ளிக்கிழமை அவளை வாக்குமூலம் தர அழைத்திருக்கிறீர்கள். இரத்தினம்மா என்ற நோயாளி இறந்தது தன் கையால்தான் என்று அவள் அன்றைக்கு ஒப்புக்கொள்ளப் போகிறாள். நேற்று அவளே எனக்குச் சொன்னாள். ஒப்புக்கொண்டால் நீங்களும் நம்பிவிடுவீர்கள், ஏனென்றால் கடதாசியில் இருப்பதெல்லாம் அவளுக்கு எதிராகத்தான் இருக்கிறது. ஆகவே நடந்ததை நான் ஒழுங்காக எழுதித் தருவது நல்லது என்று பட்டது. இன்று புதன்கிழமை. காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யோகநாதன் அண்ணையின் கம்பெனியில் நான் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று பேர், ஒரே ஒரு ஏசி, அதுவும் அண்ணையின் அறையில். அண்ணை ஆட்களைப் பிடிப்பார், ஒரு பிள்ளை தொலைபேசி எடுக்கும், புரோகிராம் எழுதுகிறவன் நான். இரத்தப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடங்களுக்கான மென்பொருள் ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். அது நான்கு இடங்களில் ஓடுகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் வைத்தியசாலை, பிறகு மருதானையிலும் தெஹிவளையிலும் வத்தளையிலும் ஒவ்வொரு சின்ன ஆய்வுகூடம்.

கொட்டாஞ்சேனையில் முடிவுகளைக் கணினியில் பதிகிற வேலை ஹிபாவுடையது. இருபத்துநாலு வயது. உள்ளே பரிசோதிக்கிறவர்கள் ஒரு நீளக் கொப்பியில் பேனையால் இலக்கங்களை எழுதி ஜன்னல் வழியாக வெளியே தள்ளுவார்கள். அவள் அதை இடப்பக்கம் சரித்து வைத்து, இடக்கை விரலை வரியில் ஓடவிட்டு, வலக்கையால் அடிப்பாள். இலக்கம், எண்டர், இலக்கம், எண்டர். ஒவ்வொரு எண்டருக்கும் அடுத்த பெட்டிக்குப் போகும். கண் கொப்பியை விட்டு எழும்பாது. அந்தக் கொப்பியின் கையெழுத்து அப்படி, கண்ணை எடுத்தால் வரி தவறிவிடும். ஒரு நாளைக்கு முந்நூறு பேருடைய முடிவுகள் வரும். இந்த வேகத்தில் அடிப்பவர்களைக் கொழும்பில் நாலைந்து பேரைத்தான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல் இருக்கும்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லிவிட்டால் பிறகு எல்லாம் உங்களுக்கு இலகுவாக விளங்கும். திரையில் எத்தனை பெட்டி திறந்திருந்தாலும் கீபோட் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் சொந்தம். நீங்கள் அடிப்பது அந்த ஒன்றுக்குள் மட்டும்தான் போகும். எங்கள் தொழிலில் அதை ஃபோகஸ் என்போம். வேறொரு பெட்டி திடீரென்று மேலே வந்து அந்த உரிமையைப் பறித்துக்கொண்டால், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

ஜனவரி தொடக்கத்தில் வைத்தியசாலை நிர்வாகம் ஒரு வசதி கேட்டது. நோயாளிகள் படுத்திருக்கும் வாட்டில் இருந்து அவசரமாகக் கேட்கும் பரிசோதனைகள் கூட்டத்துக்குள் தவறிப்போகின்றனவாம். அவசரக் கேஸ் வந்தால் பதிகிறவரின் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்ப வேண்டும், அதில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு பின்னேரத்தில் எழுதிக் கொடுத்தேன், ஒரே புரோகிராம் என்பதால் அது நான்கு இடங்களுக்கும் போனது. 'திற' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதை அமத்தினால் அந்த நோயாளியின் பக்கம் நேரே வந்து நிற்கும். ஹிபா மவுசைத் தேடிச் சிரமப்பட வேண்டாமே என்று, எண்டர் தட்டினாலே அந்தப் பொத்தான் வேலை செய்யும்படி விட்டேன். அதை யாரும் கேட்கவில்லை. என் சொந்த யோசனை, ஒரு உதவியாக நினைத்துச் செய்தது.

இனி உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்க ஆறு கிழமை எடுத்தது.

முதல் தொலைபேசி ஜனவரி கடைசியில் வந்தது.

"அண்ணா, கர்சர் தானாப் பாயுது."

"எங்க பாயுது தங்கச்சி?"

"அதுதான் எனக்கும் வெளங்கல்ல. ஒரு ஆள்ட நம்பர அடிச்சிட்டு நிமிந்து பாத்தா அவங்கட பக்கத்துல பாதி வெறுமையா ஈக்கி. நான் அடிச்சது நல்லா ஞாபகம்."

அடித்ததாக நினைத்து அடிக்காமல் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அப்படித்தான் நினைக்க வரும். கணினி வேலை செய்யவில்லை என்று அழைத்தவர்களில் பாதிப்பேர் பிளக்கைச் செருகாமல் அழைத்தவர்கள். ஆனாலும் நான் தட்டிக்கழிக்கவில்லை. பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். கர்சர் எங்கும் பாயவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் மெதுவாக, திரையைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். அவசரப் பெட்டி வந்தால் நிறுத்தி வாசித்தாள். பிறகு நான் இருந்து அடித்துப் பார்த்தேன். நானும் திரையைப் பார்க்கிறவன்தானே.

அலுவலகத்துக்கு வந்து புரோகிராமை வரி வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். ஃபோகஸ் பிழைகளில் இருக்கிற பெரிய சள்ளை இதுதான். நிறுத்திப் பார்ப்பதற்குத் திரையில் இன்னொரு சாளரம் திறக்க வேண்டும். அந்தச் சாளரம் மேலே வந்தவுடன் கீபோட் அதற்குச் சொந்தமாகிவிடும், பிழை இருந்த இடம் கலைந்துவிடும். தேடுகிறவன் உள்ளே கால் வைத்தவுடனே அது இல்லாமல் போய்விடுகிறது. நாலு நாள் தேடினேன். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் ஒரு கர்சரிடம் தோற்று உட்கார்ந்திருப்பது எவ்வளவு வெட்கம் என்று வேறு தொழில்காரர்களுக்கு விளங்காது.

ஹிபா முறையிட்டதால் வைத்தியசாலை நிர்வாகம் எழுத்தில் பதில் கேட்டது. மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை, பதிபவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். அன்றைக்கு அதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. அந்தக் கடிதத்தின் பிரதி உங்கள் கோப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை எங்கள் மேசையில் நீங்கள் விரித்தபோது கண்டேன்.

ஹிபா அதற்குப் பிறகும் அழைத்தாள். கோபப்பட்டுக் கதைக்கமாட்டாள், அதுதான் கஷ்டம். "அண்ணா, நீங்க எழுதினத்த மெடம் வாசிச்சிக் காட்டினாங்க. நான் கவனமாத்தான் அடிக்கிறேன். அல்லாஹ்வுக்காக இன்னொருக்காப் பாருங்களேன்" என்பாள். அந்தப் பிள்ளையின் குரலுக்காகத்தான் புரோகிராமுக்குள் ஒரு குறிப்பேட்டை எழுதிச் சேர்த்தேன். அவள் அடிக்கும் ஒவ்வொரு விசையும், நேரம், எந்தப் பெட்டி, எந்த நோயாளி என்பதோடு ஒரு கோப்பில் ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது என் கணினிக்கு வரும். வைத்தியசாலைக்கு இதைச் சொல்லவில்லை. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

நாலாவது நாள், ஒரு வியாழக்கிழமை, கண்டுவிட்டேன். ஒருவருடைய முடிவுகளை அடித்துக்கொண்டு போகும்போது நடுவில் அவசரப் பெட்டி எழும்புகிறது. அவள் அதைக் காணவில்லை. அவள் வழக்கம்போலத் தட்டுகிற எண்டர் 'திற' பொத்தானில் விழுகிறது. அவசர நோயாளியின் பக்கம் திறக்கிறது. கொப்பியில் இருக்கும் முதல் ஆளின் மிச்ச இலக்கங்கள் அந்த நோயாளியின் பெட்டிகளுக்குள் போய் விழுகின்றன. பக்கம் முடிந்ததும் அது தானாக மூடி, பழைய பக்கம் திரும்ப வருகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கும்போது பாதி வெறுமையாக இருக்கும். ஓ, நான்தான் விட்டுவிட்டேன் என்று திரும்ப அடிப்பாள். அவ்வளவுதான்.

எவ்வளவு சந்தோசம் வந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். எழும்பி அறைக்குள் இரண்டு தரம் நடந்தேன். திருத்துவதற்கு ஒரு வரி போதும். பெட்டி எழும்பட்டும், ஆனால் கீபோட்டை எடுக்காமல் எழும்பட்டும் என்று ஒரு வரி. பத்து நிமிடத்தில் எழுதிச் சோதித்தும் பார்த்துவிட்டேன்.

பிறகுதான் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. யோகநாதன் அண்ணையின் அறைக்குப் போய், அவசரப் பெட்டியில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது என்றேன்.

"நீர் போன கிழமைதானே ஒரு பிழையும் இல்லை எண்டு எழுதிக் குடுத்தனீர்?"

"ஓம் அண்ணை."

"அப்ப இப்ப என்னெண்டு போய்ச் சொல்லுறது? பெரிய பிழையோ?"

"பெரிசா இல்லை."

"அப்ப முதலாம் திகதி அப்டேட்டோட சேர்த்து விடும். ஆருக்கும் தெரியவும் வராது."

அவரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு நான் சொன்னது அவ்வளவுதான். முதலாம் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் நான் சும்மா இருக்கவில்லை என்பதை நீங்கள் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டை வாசித்தேன். தாளில் அச்செடுத்து, கர்சர் பாய்ந்த இடங்களைப் பச்சைப் பேனையால் குறித்து வைத்தேன். முதல் ஆறு நாளில் பதினொரு இடம். ஒருவருடைய கொலஸ்ட்ரோல் இன்னொருவருக்குப் போயிருக்கும், ஒருவருடைய சீனி வேறொருவருக்கு. சரியான முடிவு வந்து அதன்மேல் அடிபட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் திருத்தத்தை அனுப்பவே கை போனது. அனுப்பினால், பதினெட்டு வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்து வைத்துச் சந்தேகப்படுவார்களே என்று இருந்தது. என்னால் முடியவில்லை. அந்த நேரத்தில் என் நிலைமையில் இருந்தால்தான் அது விளங்கும்.

ஏழாவது நாள் புதன்கிழமை. காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பாய்ச்சல். அவசர நோயாளியின் பெயர் இரத்தினம்மா, அறுபத்துமூன்று வயது, வயிற்றோட்டம் என்று சேர்த்திருந்தார்கள். அவருடைய இரத்தம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது, பரிசோதனை முடியவே இல்லை. அவருடைய பொட்டாசியம் பெட்டிக்குள் வேறொருவருடைய இலக்கம் போய் விழுந்தது. இரண்டு தசம் ஆறு. அந்த உப்பு இரத்தத்தில் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. மூன்று தசம் ஐந்துக்குக் கீழே போனால் வாட்டுத் திரையில் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்று எழுதியவன் நான்தான். அது சரியாக வேலை செய்தது. தாதி சிவப்பைக் கண்டு வைத்தியரிடம் சொன்னார், வைத்தியர் பொட்டாசியம் ஏற்றச் சொன்னார், பத்து இருபத்தைந்துக்கு ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரும் பிழை செய்யவில்லை.

இரத்தினம்மாவின் உண்மையான அளவு ஐந்து தசம் இரண்டு. ஏற்கனவே கூடுதலாக இருந்தது. பத்து முப்பத்துநாலுக்கு ஹிபா அதை மேலே அடித்துச் சரிசெய்தாள். பதினொன்று நாற்பதுக்கு இரத்தினம்மாவின் இதயம் நின்றுவிட்டது.

எனக்கு அந்தச் செய்தி இரண்டு மணிக்கு வந்தது. நாலு மணிக்கு, இணையம் வழியாகக் கொட்டாஞ்சேனைக் கணினிக்குள் போய்த் திருத்தத்தைப் போட்டேன். குறிப்பேடு எழுதும் பகுதியைக் கழற்றினேன். இன்னொரு நோயாளிக்கு இது நடந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான்.

வைத்தியசாலையின் உள்விசாரணை பத்து நாளுக்குப் பிறகு நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். ஹிபாவோடு அவளுடைய உம்மா வந்து வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் தெளிவாக இருந்தது. பத்து பன்னிரண்டுக்கு ஹிபாவின் பெயரில் இரண்டு தசம் ஆறு. பத்து முப்பத்துநாலுக்கு அதே ஹிபாவின் பெயரில் ஐந்து தசம் இரண்டு. பிழையாக அடித்துவிட்டு, பிறகு தெரிந்து, வாட்டுக்கு ஒரு சொல் சொல்லாமல் திருத்தி மூடியிருக்கிறாள் என்றுதான் யார் பார்த்தாலும் நினைப்பார்கள். கர்சர் பாய்ந்தது என்றாள். என்னைச் செய்து காட்டச் சொன்னார்கள். கணினியைப் போட்டு அவளையே அடிக்கச் சொன்னேன். அவசரப் பெட்டி மூலையில் எழும்பியது, கீபோட்டைத் தொடவில்லை, அவள் அடித்தது அடித்த இடத்தில் நின்றது. மூன்று தரம் செய்து காட்டினோம். மூன்றாம் தரம் அவள் ஒரு இலக்கத்தைப் பிழையாக அடித்தாள். அதையும் அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு தலைவர், சரியான முடிவு வந்தபோது ஏன் வாட்டுக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நான் நாகேந்திரம் அண்ணாக்கு கோல் எடுத்துக் கேட்டேன் சேர்."

தலைவர் என்னைப் பார்த்தார். அழைப்பு வந்தது உண்மை, தொலைபேசிப் பட்டியலில் பத்து முப்பத்தொன்றுக்கு இரண்டு நிமிடம் என்று இருக்கிறது. பிரிண்டரில் கடதாசி சிக்கியதைப் பற்றித்தான் ஹிபா கேட்டாள் என்று சொன்னேன். எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை பிரிண்டர் அழைப்பு வருகிறது என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

ஹிபா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவள் யோசித்துப் பார்த்தாள். தன் ஞாபகத்தைத் தானே திரும்பத் தேடிப் பார்த்தாள். "அப்படியா அண்ணா? சிலவேளை அப்படித்தான் போல. எனக்கு இப்ப ஒண்டும் நிச்சயமா இல்ல" என்றாள். அன்றைக்கே அவளை வேலையால் நிறுத்தினார்கள். வெளியே உம்மாவிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் பின்படியால் இறங்கிவிட்டேன்.

அந்த அழைப்பில் என்ன கதைத்தோம் என்பதை இப்போது எழுதுகிறேன்.

"அண்ணா, இரத்தினம்மா என்டு ஒரு ஆள். இப்பத்தான் உள்ளேந்து அவங்கட ரிசல்ட் வந்தீக்கி. ஆனா முன்னமே ஒரு நம்பர் விழுந்தீக்கி. நான் அடிக்கல்ல."

"என்ன நம்பர்?"

"ரெண்டு தசம் ஆறு. செவப்பாக் காட்டுது. எனக்கு வந்தது ஐஞ்சு தசம் ரெண்டு. வாட்டுக்கு கோல் எடுத்துச் செல்லட்டா அண்ணா?"

அந்த நேரத்தில் குறிப்பேடு என் முன்னால் திறந்திருந்தது. அந்த வரியை நான் ஏற்கனவே பச்சைப் பேனையால் குறித்திருந்தேன். அவள் வாட்டுக்குச் சொன்னால் எப்படி இது நடந்தது என்று கேட்பார்கள், கணினியைத் திறப்பார்கள் என்பது மட்டும்தான் எனக்குள் ஓடியது. ஒரு ஆள் கட்டிலில் கிடக்கிறார் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"தேவையில்லை தங்கச்சி. சரியானதை மேலே அடிச்சு விடுங்கோ. வாட்டில தானா மாறும்."

அது பொய் இல்லை. வாட்டுத் திரையில் அது தானாக மாறத்தான் செய்தது. தாதி திரும்ப ஒருமுறை திரையைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினொரு மணிக்கு முன் தெரிந்திருந்தால் ஏற்றுவதை நிறுத்தி ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் விசாரணையில் சொன்னார். அது அவருடைய ஊகம். ஆனால் அவள் கேட்டாள், நான் வேண்டாம் என்றேன். இதுதான் நடந்தது. என்னைத் தவிர இது வேறு ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஹிபா உட்பட. இரத்தினம்மாவின் மகன் வெளிநாட்டில் இருந்து வந்து முறைப்பாடு செய்திருக்காவிட்டால் நீங்களும் வந்திருக்கமாட்டீர்கள்.

ஹிபாவை நான் கைவிடவில்லை. மருதானை ஆய்வுகூடத்தை நடத்துகிற ஹபீஸ் ஹாஜியார் எங்கள் மென்பொருள் தெரிந்த ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். என் பொறுப்பில் அவளைச் சேர்த்துவிட்டேன். ஏப்ரல் முதல் அங்கே வேலை செய்கிறாள். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தாள். நீங்க இல்லாட்டி நாங்க தெருவுலதான் அண்ணா என்றாள். சாப்பிட்டேன். வாங்காமல் விட்டால் அவளுடைய மனம் நோகும்.

நேற்றுக் காலை அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணா, இங்கயும் பாயுது."

எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"கொட்டாஞ்சேனையிலயும் பாஞ்சிச்சு, இங்கயும் பாயுது. ரெண்டு எடத்துலயும் ஈந்தது நான் மட்டும்தானே. அப்ப பிழை எனக்குள்ளதான் அண்ணா. என்ட கை எனக்குத் தெரியாம ஏதோ செய்யுது. வெள்ளிக்கிழம போய் நான்தான் செஞ்சேன் என்டு செல்லிட்டு வரப் போறேன். அந்த மகன்ட முகத்தப் பாத்து மன்னிப்புக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"திரையைப் பார்த்து அடியுங்கோ தங்கச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது. தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். நான் கல் இல்லை.

மருதானையில் ஏன் பாய்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே திருத்தம் போகவில்லை. தெஹிவளைக்கும் வத்தளைக்கும் போகவில்லை. கொட்டாஞ்சேனைக்குப் போட்டது என் கையால், ஒருவருக்கும் தெரியாமல். மற்ற மூன்று இடங்களுக்கும் அப்டேட் அனுப்பினால், என்ன பிழை இருந்தது, என்ன திருத்தினோம் என்று கூடவே ஒரு கடிதம் போக வேண்டும். அது எங்கள் கம்பெனியின் வழக்கம், அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதும் நான்தான். அப்படி ஒரு கடிதம் எழுதுவதற்கு எனக்கு வழி இருக்கவில்லை. ஆகவே முதலாம் திகதிப் பட்டியலில் இருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். எட்டு மாதமாகிறது. அந்த மூன்று இடங்களிலும் யாருடைய இலக்கம் யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. குறிப்பேட்டை நான் அங்கே போடவில்லை. போட்டால் வாசிக்க வேண்டி வரும்.

கொட்டாஞ்சேனைக் குறிப்பேட்டின் பிரதி ஒன்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன். பச்சைக் கோடு போட்ட தாள்களும் இருக்கின்றன. இத்தோடு இணைத்திருக்கிறேன். ஹிபா குற்றவாளி இல்லை என்று அதில் வரிக்கு வரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் வந்து என்ன சொன்னாலும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். என்னைப் பற்றி நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன். மனம் இப்போது கொஞ்சம் இலேசாக இருக்கிறது, நேர்மையாக ஒரு காரியம் செய்த திருப்தி.

இன்னும் ஒன்று. இப்போது மணி பத்தேகால். மருதானையில் அவசரக் கேஸ்கள் ஒன்பதரையில் இருந்து பதினொன்றரை வரைதான் கூடுதலாக வரும். ஹிபா இந்த நேரம் அங்கே அடித்துக்கொண்டிருப்பாள். மூன்று இடங்களுக்குமான திருத்தம் என் கணினியில் தயாராக இருக்கிறது, ஒரு பொத்தானை அமத்தினால் போய்விடும். அதை அனுப்பும்படி நீங்கள் எழுத்தில் ஒரு உத்தரவு தந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது நானாக எதையும் தொடுவது முறையில்லை. அப்படிப்பட்ட தவறை நான் ஒருநாளும் செய்யமாட்டேன்.